ஓணானின் கழுத்துச் சிவப்பைப் படிக்க ஏன் இத்தனை பேர் வேண்டும்?

2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து 8.05 வரை இலங்கை முழுவதும் குரங்கு, மயில், மரஅணில் எல்லாம் எண்ணப்பட்டன. பயிரை அழிக்கும் விலங்குகள் எத்தனை இருக்கின்றன என்று ஒரு கணக்கு வேண்டும் என்பதுதான் நோக்கம். விலங்கு ஆய்வு என்றாலே எண்ணுவதுதான் என்று அந்த ஐந்து நிமிடம் பலரை நினைக்க வைத்துவிட்டது. எண்ணுவது தேவைதான். ஆனால் மயில் எத்தனை என்று தெரிந்துவிட்டால், அது எந்த நேரத்தில் வயல் வட்டைக்குள் இறங்குகிறது, எதைக் கண்டு விலகுகிறது, ஆணுக்கு மட்டும் ஏன் அவ்வளவு பெரிய தோகை என்பதெல்லாம் தெரிந்துவிடாது. அதற்கு நடத்தையைப் பார்க்க வேண்டும். நடத்தையைப் பார்க்கத் தொடங்கியதும் நிறமும் கூடவே வந்துவிடும்.

விலங்கின் நடத்தையையும் நிறத்தையும் சேர்த்துப் படிக்கும் குழுக்கள் உலகெங்கும் பல்கலைக்கழக உயிரியல் துறைகளில் இருக்கின்றன. அவர்களின் கட்டுரைகளில் ஆறேழு பேரின் பெயர் இருக்கும். சிலவற்றில் நாற்பது பேர்வரை போகும். ஒரு பூச்சியின் நிறத்தை எழுத நாற்பது பேரா என்று கேட்பது நியாயமான கேள்வி. பதில் இதுதான்: நிறம் விலங்கின் தோலில் மட்டும் இல்லை. வெளிச்சம், தோல், பார்க்கும் கண் ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் அது உண்டாகிறது. இந்த மூன்றையும் ஒரே ஆள் அளந்து முடிக்க முடியாது.

முதலில் அடிப்படை: நிறம் எங்கே இருக்கிறது?

1. வெளிச்சம். நண்பகல் வெயில், கண்டல் மர நிழல், வாவித் தண்ணீரின் அடி என்று இடத்துக்கு இடம் ஒளி மாறும். இலைகளுக்கூடாக இறங்கும் ஒளியில் பச்சை கூடுதல். தண்ணீருக்குள் முதலில் மறைவது சிவப்பு. தெளிந்த கடலிலும் பத்து மீற்றர் ஆழம் போவதற்குள் அதன் பெரும்பகுதி இல்லாமல் போய்விடும். ஆழத்தில் பிடித்து வள்ளத்தில் போட்ட மீன் செக்கச்செவேலென்று இருக்கலாம். அது வாழ்ந்த ஆழத்தில் அதே மீன் ஒரு மங்கலான நிழல் மட்டும். நமக்குப் பளிச்சென்று தெரியும் சிவப்பு, அங்கே ஒளிந்துகொள்ள உதவும் போர்வை.

2. தோல், இறகு, செதில். இவை இரண்டு வழிகளில் நிறம் காட்டும். ஒன்று நிறப்பொருள். மெலனின் கறுப்பையும் கபிலத்தையும் தருகிறது. கரோட்டினொயிட்டுகள் மஞ்சளையும் சிவப்பையும் தருகின்றன. கரோட்டினொயிட்டை விலங்குகள் பெரும்பாலும் உணவிலிருந்துதான் எடுக்க வேண்டும். பூநாரையின் இளஞ்சிவப்பு அப்படி வந்ததுதான். மற்ற வழி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அமைப்பு. மீன்கொத்தியின் முதுகில் நீல நிறப்பொருள் கிடையாது. இறகுக்குள் இருக்கும் நுண்ணிய இடைவெளிகள் நீல ஒளியை மட்டும் திருப்பி அனுப்புகின்றன. அந்த இறகை அரைத்துப் பொடியாக்கினால் அமைப்பு குலைந்து நீலமும் போய்விடும். மயில்தோகையின் பச்சையும் நீலமும் இந்த வகைதான்.

3. கண். மனிதரின் கண்ணில் நிறம் பிரிக்கும் கலங்கள் மூன்று வகை. மானுக்கும் நாய்க்கும் இரண்டு வகை. பகலில் திரியும் பறவைகளுக்கு நான்கு. அவற்றில் பல, நமக்குத் தெரியாத கழியூதாவையும் பார்க்கும் (புறஊதா என்றும் சொல்வார்கள்). தேனீயும் கழியூதாவைப் பார்க்கும், ஆனால் சிவப்பு அதற்கு இருட்டுப் போலத்தான்.

இந்த மூன்றாவதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பூச்சியைத் தின்ன வருவது பறவை. அந்தப் பூச்சி நன்றாக ஒளிந்திருக்கிறதா என்று நம் கண்ணால் தீர்மானித்தால் தவறான நீதிபதியிடம் வழக்கைக் கொடுத்த மாதிரி. விலங்கின் கண்ணிடமே கேட்க வேண்டும். அதற்கு வழி காட்டியவர் ஒஸ்திரிய விலங்கியலாளர் கார்ல் வொன் ஃப்ரிஷ். நீல அட்டை ஒன்றின் மேல் சீனித்தண்ணீர் வைத்துத் தேனீக்களைப் பழக்கினார். பிறகு, வெளிறிய சாம்பலிலிருந்து கடும் சாம்பல் வரை பல அட்டைகளைப் பரப்பி, நடுவில் சீனித்தண்ணீர் இல்லாத நீல அட்டையை வைத்தார். தேனீக்கள் நீலத்துக்கே வந்தன. வெளிச்சத்தின் கூடுதல் குறைவை மட்டும் பார்த்திருந்தால் ஏதாவது ஒரு சாம்பலோடு அவை நீலத்தைக் குழப்பியிருக்கும். தேனீக்கு நிறம் தெரியும் என்று 1914இல் அவர் இப்படி நிறுவினார். சீனியும் அட்டையும் போதுமாக இருந்தது.

கணவாய் இன்னும் வியப்பானது. அதன் தோலில் நிறப்பைகள் இருக்கின்றன. ஒவ்வொரு பையையும் சுற்றிச் சிறு தசைகள். நரம்பு சொன்னவுடன் தசை இழுத்துப் பையை விரிக்கும், விட்டதும் சுருங்கும். அதனால்தான் ஒரு நொடிக்குள் கோலம் மாறுகிறது. வள்ளத்திலிருந்து இறக்கிய புதுக் கணவாயின் தோலில் புள்ளிகள் விரிந்து சுருங்குவதை மீன் சந்தையிலேயே பார்க்கலாம். ஆனால் பெரும்பாலான கணவாய் இனங்களின் கண்ணில் ஒளியை உணரும் நிறப்பொருள் ஒரு வகைதான். அதாவது நம்மைப் போல் அவை நிறம் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆனாலும் சுற்றியிருக்கும் நிறத்தோடு கலந்துவிடுகின்றன. நிறம் காட்டுவதும் நிறம் பார்ப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

நிறம் செய்யும் வேலைகள்

ஒளிந்துகொள்வது, எச்சரிப்பது, ஏமாற்றுவது, தன்னைக் காட்டிக்கொள்வது என்று நான்கு வேலைகள் முக்கியமானவை. உடல் வெப்பத்தைச் சமாளிப்பதும் உண்டு, அதை இங்கே விட்டுவிடலாம்.

ஒளிந்துகொள்வது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாவி மீன்களில் பலவற்றுக்கு முதுகு கருமை, வயிறு வெள்ளி. மேலிருந்து பார்க்கும் கொக்குக்கு முதுகு இருண்ட தண்ணீரோடு கலந்துவிடும், கீழிருந்து பார்க்கும் பெரிய மீனுக்கு வயிறு வானத்தின் வெளிச்சத்தோடு கலந்துவிடும். எச்சரிப்பது இதற்கு நேர்மாறு. எருக்கலையில் வளரும் மஞ்சள்-கறுப்பு வரிப் புழுக்கள் யாருக்கும் மறைவதில்லை. எருக்கலைப் பாலில் இருக்கும், இதயத்தைத் தாக்கும் நச்சை அவை உடலில் சேர்த்து வைக்கும். அதிலிருந்து வரும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியைத் தின்று வாந்தியெடுத்த பறவை, அந்த நிறத்தை மறக்காது.

ஏமாற்றுவதற்கு உதாரணம் நம் வீட்டுத் தேசி மரத்திலேயே இருக்கிறது. அதன் கதையை மெதுவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூட்டு ஆய்வு என்றால் என்ன என்பதும் அதற்குள் இருக்கிறது.

தேசி மரத்தில் 150 ஆண்டுகள்

தேசியிலும் கறிவேப்பிலையிலும் பறவை எச்சம் போலக் கபிலமும் வெள்ளையுமாக ஒரு சிறு புழுவைப் பார்த்திருப்பீர்கள். வளர்ந்ததும் அது இலைப்பச்சைக்கு மாறும். அதுவே பின்னர், பின்னிறகில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இருக்கும் கறுப்பு வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கும். இதன் அறிவியற்பெயர் பப்பிலியோ பொலிட்டஸ். ஆண் எப்போதும் ஒரே மாதிரி. பெண்ணுக்கு இலங்கையில் மூன்று தோற்றங்கள் உண்டு. ஒன்று ஆணைப் போலவே இருக்கும். மற்ற இரண்டும், ஆடுதீண்டாப்பாளைக் கொடியைத் தின்று வளர்ந்த இரண்டு நச்சு வண்ணத்துப்பூச்சிகளின் வேடம். அந்த நச்சுப் பூச்சிகளின் சிவப்புப் பொட்டுகளைக்கூட இவை பின்னிறகில் காட்டும். உள்ளே நச்சு கிடையாது.

முதலில் 1865இல் அல்பிரட் ரசல் வாலஸ், வேறு வேறு இனங்கள் என்று நினைத்தவை ஒரே இனத்தின் பெண்கள்தான் என்றும், அவை வேறு இனங்களைப் போல வேடமிடுகின்றன என்றும் எழுதினார். அவர் களத்தில் அலைந்து சேகரித்தவர். அந்த வேடம் தலைமுறைக்குத் தலைமுறை எப்படிக் கடத்தப்படுகிறது என்பது சேகரிப்பால் தெரியாது. அதற்கு வளர்க்க வேண்டும், எந்தத் தாய்க்கு எந்தப் பிள்ளை என்று எழுத வேண்டும். அந்த வேலை இலங்கையில்தான் நடந்தது. ஜே. சி. எஃப். ஃபிரையர் இங்கே பல தலைமுறைகள் வளர்த்துப் பார்த்து 1913இல் வெளியிட்ட முடிவு, மூன்று தோற்றங்களும் பரம்பரை விதிப்படி வருகின்றன என்று காட்டியது. அப்புறம் நூறு ஆண்டுகள் கழித்து, 2014இல், இந்திய-அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று அந்த வேடத்தைத் தீர்மானிப்பது ஒரே ஒரு பரம்பரை அலகு என்று கண்டது. அந்த அலகு ஏற்கெனவே தெரிந்ததுதான்: பூச்சிகளில் ஆண் பெண் வேறுபாட்டை உருவாக்கும் டபிள்செக்ஸ்.

களத்துக்காரர், வளர்த்தவர், ஆய்வுகூடத்துக்காரர் என்று மூன்று வகைத் திறமை வேண்டியிருந்தது, ஒன்றரை நூற்றாண்டு போயிற்று. இன்றைய துறைகளில் அந்த மூன்று பேரும் ஒரே கட்டடத்தில் இருந்தால், அல்லது மூன்று ஊர்களில் இருந்தபடி ஒரே தரவைப் பகிர்ந்தால், அவ்வளவு காலம் தேவையில்லை. கூட்டு ஆய்வு என்பது முகஸ்துதிக்காகப் பெயர் சேர்ப்பது அல்ல. குறைந்தபட்சம் அப்படி இருக்கக் கூடாது.

இயற்பியலும் இதே மாதிரித்தான் உள்ளே வருகிறது. பச்சோந்தி நிறம் மாறுவது நிறப்பொருள் நகர்வதால் என்று நீண்ட காலம் சொல்லி வந்தார்கள். ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் உயிரியலாளர்களும் இயற்பியலாளர்களும் சேர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. மடகாஸ்கர் பச்சோந்தி ஒன்றின் தோலில், குவானின் என்ற பொருளின் நுண்பளிங்குகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. அமைதியாக இருக்கும்போது பளிங்குகள் நெருங்கியிருந்து நீலத்தைத் திருப்பும். தோலின் மஞ்சளோடு அது சேர்ந்து பச்சையாகத் தெரியும். கோபம் வந்தால் இடைவெளி கூடும், திரும்பும் ஒளி மஞ்சள், செம்மஞ்சள் பக்கம் நகரும். உயிரியல் மட்டும் படித்தவர் அந்தப் பளிங்குகளைப் பார்த்தாலும், இடைவெளி மாறினால் எந்த நிறம் வரும் என்று கணக்குப் போட்டிருக்க மாட்டார்.

ஓணானிடம் நான்கு கேள்விகள்

சரி, தலைப்பில் சொன்ன ஓணானுக்கு வருவோம். நான்காவது வேலையான தன்னைக் காட்டிக்கொள்வது அதனிடம்தான் இருக்கிறது. வேலியிலும் பனையிலும் இருக்கும் சாதாரண ஓணானில், இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையும் கழுத்தும் சிவக்கும். தலையை ஆட்டும், முன்கால்களை ஊன்றி எழுந்து தாழும். தோற்ற ஆண் மங்கிப்போகும். இரத்தம் உறிஞ்சித்தான் கழுத்து சிவக்கிறது என்று சொல்லிச் சிறுவர்கள் கல்லெறிவது இன்னும் நடக்கிறது. அது உண்மையே அல்ல. ஓணான் பூச்சி தின்னும் பிராணி, பயிருக்கு நல்லது செய்வது. எறிகிற கையைத் தடுத்து இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

‘ஏன் சிவக்கிறது’ என்பது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் அதற்குள் நான்கு இருக்கின்றன. 1963இல் நிக்கோ டின்பெர்கன் இப்படிப் பிரித்துக் கொடுத்தார். வொன் ஃப்ரிஷ், கொன்ராட் லோரன்ஸ் ஆகியோரோடு 1973இல் நோபல் பரிசு பெற்றவர் அவர்.

1. எப்படி நடக்கிறது? எந்த ஓமோன் கூடுகிறது, தோலின் நிறக்கலங்களில் என்ன நகர்கிறது. ஆய்வுகூட வேலை.

2. வாழ்நாளில் எப்போது வருகிறது? குஞ்சாக இருக்கும்போது இல்லை. எந்த அளவு வளர்ந்தபின் தொடங்குகிறது, நன்றாக உண்ட ஆணுக்கும் பட்டினி கிடந்த ஆணுக்கும் வித்தியாசம் உண்டா? இதற்கு ஒரே விலங்கை மாதக் கணக்கில் பின்தொடர வேண்டும்.

3. என்ன பயன்? பெண்ணை அழைக்கவா, மற்ற ஆணை மிரட்டவா? பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் பாறை ஓணானை வைத்துச் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கைகொடுக்கும். அந்த ஆண் ஓணான், பெண்ணைக் கண்டால் ஒருவிதமான நிறச் சேர்க்கையையும் எதிரி ஆணைக் கண்டால் இன்னொன்றையும் காட்டியது. ஒரே உடல், ஆளுக்கேற்ற இரண்டு பேச்சு.

4. எந்த வழியில் வந்தது? நெருங்கிய இனங்களை ஒப்பிட வேண்டும். பச்சை ஓணானின் ஆணுக்கும் தலை சிவக்கும். இலங்கைக்கே உரிய பல ஓணான் இனங்கள் மலைநாட்டில் இருக்கின்றன. எவற்றில் சிவப்பு இருக்கிறது, எவற்றில் இல்லை என்று கூர்ப்பு மரத்தில் (எந்த இனத்திலிருந்து எது பிரிந்தது என்று காட்டும் வரைபடம்) வைத்துப் பார்த்தால், அது எப்போது தோன்றியது என்பது தெளிவாகும்.

ஒரு கேள்விக்குச் சொன்ன பதில் இன்னொன்றை இல்லாமல் செய்யாது. ‘ஓமோனால் சிவக்கிறது’ என்பவரும் ‘எதிரியை மிரட்டச் சிவக்கிறது’ என்பவரும் சண்டை பிடிக்கத் தேவையில்லை. இரண்டும் சரியாக இருக்கலாம். செய்தித்தாள்களில் விலங்கு ஆய்வு பற்றி வரும் குழப்பத்தில் பாதி, இந்த நான்கையும் ஒன்றாகப் போட்டுக் குழைப்பதால் வருகிறது.

பாடநூலில் இருந்ததே ஆட்டம் கண்ட கதை

நடத்தை ஆய்வில் பெரிய ஆபத்து, பார்க்க விரும்பியதையே பார்ப்பது. சிட்டுக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆணின் தொண்டையில் கறுப்புத் திட்டு உண்டு. திட்டு பெரிதானால் அந்தக் குருவி மற்றவற்றை அடக்கும் என்பது பல ஆண்டுகளாகப் பாடநூல்களில் இருந்த உதாரணம். 2018இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, வெளிவந்த தரவுகளையும் வெளிவராமல் கிடந்த தரவுகளையும் ஒன்றாக்கி மறுபடி கணக்கிட்டார்கள். அந்தத் தொடர்பு உறுதியாக இல்லை. ‘ஆம்’ என்று சொன்ன முடிவுகள் எளிதாக அச்சேறியதும், ‘இல்லை’ என்று சொன்னவை மேசைக்குள் கிடந்ததும் படத்தைத் திரித்துவிட்டிருந்தன.

மயிலும் இப்படித்தான். 1994இல் வெளிவந்த இங்கிலாந்துப் பரிசோதனை ஒன்றில், தோகையின் கண்களில் இருபதை வெட்டிய ஆண்களுக்குச் சேர்க்கை குறைந்தது. பெண் மயில் கண்களை எண்ணித்தான் துணை தேடுகிறது என்று கதை பரவியது. ஜப்பானில் ஏழு ஆண்டுகள் பார்த்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், தோகையின் சிறப்புக்கும் சேர்க்கைக்கும் அப்படித் தொடர்பு கிடைக்கவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. இடம் வேறு, கூட்டம் வேறு, அளந்தது வேறு. ஒரே இடத்தில் ஒரே குழு பார்த்ததை உலகம் முழுவதற்கும் பொருத்தக் கூடாது என்பது இதனால்தான்.

பொய்யும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். சிலந்திகளின் நடத்தை பற்றிய சில கட்டுரைகளின் தரவில், ஒரே எண்கள் விளக்கமின்றித் திரும்பத் திரும்ப வருவது 2020இல் வெளியே வந்தது. கட்டுரையில் பெயர் இருந்த இணை ஆசிரியர்களே அதைச் சோதித்து, தங்கள் கட்டுரைகளை மீளப்பெறும்படி இதழ்களைக் கேட்டார்கள். அது அவர்களின் உழைப்புக்கு விழுந்த அடி. இருந்தும் செய்தார்கள். இணை ஆசிரியர் என்றால் தரவைத் திறந்து பார்க்கும் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது என்பதைத் துறை முழுவதும் அதற்குப் பிறகு கூடுதலாகப் பேசத் தொடங்கியது.

இந்த ஆபத்துகளுக்கு எதிராகப் பழகிய வழக்கங்கள் சில இருக்கின்றன:

1. நடத்தைப் பட்டியல். ‘கோபமாக இருந்தது’ என்று எழுதக் கூடாது. ‘தலையை மூன்று முறை ஆட்டியது’ என்று எழுத வேண்டும். எந்த அசைவுக்கு எந்தப் பெயர் என்று தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிடுவார்கள்.

2. எதைப் பார்ப்பது என்ற விதி. கண்ணில் பட்டதை மட்டும் எழுதினால் சண்டையும் சேர்க்கையும்தான் ஏட்டில் இருக்கும், சும்மா இருந்த நேரம் இருக்காது. ஒரு விலங்கைக் குறித்த நேரம் விடாமல் பார்ப்பது ஒரு முறை. குறித்த இடைவெளியில் கூட்டம் முழுவதையும் ஒரு தடவை நோட்டமிடுவது இன்னொன்று. 1974இல் ஜீன் ஆல்ட்மன் எழுதிய கட்டுரைதான் இதை ஒழுங்குபடுத்தியது.

3. இருவர் தனித்தனியாக எழுதுவது. ஒரே காணொளியை இருவர் பார்த்து, பேசாமல் எழுதி, பின்பு ஒப்பிடுவார்கள். ஒத்துவராவிட்டால் பட்டியலில்தான் குறை.

4. மறைத்து அளப்பது. எந்த விலங்குக்கு என்ன செய்தோம் என்று தெரியாத ஒருவர்தான் காணொளியைப் பார்த்து எண்ண வேண்டும்.

தனி ஆளால் மூன்றாவதையும் நான்காவதையும் செய்யவே முடியாது. கட்டுரையில் பெயர்கள் கூடுவதற்கு இது நேர்மையான காரணம்.

கைபேசிப் படத்தை நம்பலாமா?

நிறத்தைச் சரியாக அளக்க நிறமாலைமானி வேண்டும். தோலில் பட்டுத் திரும்பும் ஒளியை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து எண்ணாகத் தரும் கருவி அது. கழியூதாவையும் அளக்கும். விலை கூடியது. அதனால் பலர் கைபேசியில் படம் எடுத்து நிறத்தை ஒப்பிடப் பார்க்கிறார்கள். அங்கே ஒரு பொறி இருக்கிறது. கைபேசி நம்மைக் கேட்காமலே வெள்ளையைச் சரிசெய்கிறது, நிறத்தைக் கூட்டுகிறது. காலையில் எடுத்த ஓணானும் மாலையில் எடுத்த ஓணானும் நிறம் மாறித் தெரிந்தால் மாறியது ஓணானா, கைபேசியா என்று சொல்ல முடியாது.

ஒவ்வொரு படத்திலும் விலங்குக்குப் பக்கத்தில் ஒரே சாம்பல் அட்டையை வைப்பது, தானியங்கித் திருத்தங்களை நிறுத்தி மூலப்படமாகச் சேமிப்பது, ஒரே நேரத்தில் எடுப்பது ஆகியவற்றால் பெருமளவு சமாளிக்கலாம். கழியூதா மட்டும் கிடைக்காது. அது தேவைப்படும் கேள்விக்கு, கருவி இருக்கும் துறையோடு சேரத்தான் வேண்டும்.

காசில்லாமல் நல்ல ஆய்வு செய்யவும் வழி உண்டு. களிமண் போன்ற பச்சை பிளாஸ்டிசினில் புழு செய்து இலையில் ஒட்டி வைத்தால், கடிக்க வந்தவற்றின் தடம் அதில் பதியும். பறவை அலகு ஆப்பு மாதிரி ஒரு வெட்டு விடும், எறும்பு சிறு சிறு கீறல்கள் விடும், பல்லி வளைவாகப் பற்களைப் பதிக்கும். 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உலகெங்கும் 31 இடங்களில் ஏறத்தாழ 3000 பொய்ப்புழுக்களை ஒரே முறையில் வைத்தார்கள். பூமத்திய ரேகைக்குக் கிட்டப் போகப் போகக் கடி கூடியது. அதற்குக் காரணம் பறவைகளைவிட எறும்பு போன்ற சிறு பிராணிகள்தான். நாற்பது பெயர் என்று முதலில் சொன்னேனே, அது இந்த மாதிரி வேலைக்குத்தான். உயர்தர வகுப்பு மாணவர்களாலும் இதைச் செய்ய முடியும். தேசி மரத்தில் பச்சைப் புழு பத்து, எச்சம் போன்ற கபில-வெள்ளைப் புழு பத்து என்று வைத்துப் பார்க்கலாம்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் என்ன இருக்கிறது?

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமானது. அதன் விஞ்ஞான பீடத்தில் விலங்கியல் துறை உண்டு. ஒலுவிலை மையமாகக் கொண்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில், அங்கே உயிரியல் விஞ்ஞானத் துறை. இரண்டுக்கும் நடுவே, ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு மட்டக்களப்பு வாவி கிடக்கிறது. அது கடலோடு சேரும் வாய்கள் வடக்கில் முகத்துவாரம், தெற்கில் கல்லாறு. உப்பும் நன்னீரும் பருவத்துக்குப் பருவம் மாறும். எழுவான்கரையில் (கிழக்குக் கரை) மணலும் கடலும், படுவான்கரையில் (மேற்குக் கரை) வட்டையும் குளமும் காடும். இன்னும் தெற்கே போனால் பொத்துவில், குமண. இத்தனை விதமான வெளிச்சமும் பின்னணியும் இவ்வளவு கிட்டக் கிட்ட இருப்பது நிற ஆய்வுக்குக் கிடைத்த வரம்.

கூட்டாளிகள் பல்கலைக்கழகத்துக்குள் மட்டும் இருக்க வேண்டியதும் இல்லை. 1848இல், இலங்கையின் பிரித்தானிய ஆட்சியில் காலனித்துவச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், வாவித் தண்ணீருக்குள்ளிருந்து இரவில் வரும் இசையைக் கேட்டபோது, அந்த ஒலி ஊரி என்ற சிறு நத்தையிலிருந்து வருகிறது என்று அவரிடம் சொன்னவர்கள் இங்குள்ள மீனவர்கள். மீன்தான் பாடுகிறது என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஊரியா மீனா என்பது வேறு விஷயம். எந்த இடத்தில், எந்த இரவில், எவ்வளவு நேரம் கேட்கும் என்பதை அவர்கள் கவனித்து வைத்திருந்தார்கள். ஆய்வாளர் களத்துக்குப் போகும் முன்பே செய்ய வேண்டிய வேலையில் பாதி அது. அந்த அறிவைக் கேட்டு வாங்கினால் கேட்டவர் பெயரோடு சொன்னவர் பெயரும் கட்டுரையில் இருக்க வேண்டும்.

இதெல்லாம் எதற்கு என்ற கேள்விக்கு வாவித் தண்ணீரே ஒரு பதில் தருகிறது. ஆபிரிக்காவின் விக்டோரியா ஏரியில் நூற்றுக்கணக்கான சிக்லிட் மீன் இனங்கள் உண்டு. நெருங்கிய இனங்களில், பெண் தன் இனத்து ஆணை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் காணும். ஒன்றில் ஆண் சிவப்பு, மற்றதில் நீலம். காடழிப்பாலும் விவசாயத்தாலும் ஏரி கலங்கியது. கலங்கிய தண்ணீரில் நிறம் தெரியவில்லை, பெண்கள் குழம்பின, இனங்கள் கலந்தன, எண்ணிக்கை சுருங்கியது. ஒலே சீஹவுசனும் கூட்டாளிகளும் 1997இல் இதை வெளியிட்டார்கள். தொட்டியில் வைத்தும் சோதித்தார்கள். சிவப்பும் நீலமும் ஒன்றுபோலத் தெரியும் விளக்கைப் போட்டால், பெண்ணின் தெரிவு இல்லாமல் போயிற்று. வெளிச்சம் மாறினால் நடத்தை மாறும், நடத்தை மாறினால் இனம் மாறும்.

நம் சந்தைகளில் கிடைக்கும் திலாப்பியாவும் சிக்லிட் குடும்பம்தான். மொசாம்பிக் திலாப்பியா 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் கறுத்து, தாடையின் கீழ் வெளுத்து, அடியில் குழி தோண்டிக் காத்திருக்கும். பெண் வந்து முட்டையிட்டு, வாயில் அடைகாக்கும். ஆனால் இதன் ஆண் நிறத்தை மட்டும் நம்பி இருப்பதில்லை. சிறுநீரில் கலந்த வேதிப்பொருளாலும் தன் நிலையை அறிவிக்கும். கலங்கல் கூடினால் நிறத்தை நம்பும் மீன்கள் தடுமாற, மணத்தையும் நம்பும் மீன் தாக்குப்பிடிக்கலாமா? வந்தேறி மீன் பெருகுவதற்கும் நம் வாவிக்கே உரிய மீன்கள் குறைவதற்கும் தண்ணீரின் தெளிவு ஒரு காரணமா? மீன்பிடியை நம்பிய குடும்பங்களுக்கு இது வெறும் பாடநூல் கேள்வி அல்ல.

விடை தேடும் வேலையைப் பங்கிட்டால் இப்படி வரும். தண்ணீரின் தெளிவை, கறுப்பு வெள்ளை பூசிய தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தை எழுதி அளக்கலாம். செக்கித் தட்டு என்று பெயர், 1865இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது, தோணியில் போகும் எவரும் செய்யலாம். நீருக்குள் எந்த அலைநீளம் மிஞ்சுகிறது என்பதை இயற்பியல்காரர் அளப்பார். சிறுநீரின் வேதிப்பொருளை இரசாயனவியல் துறை. ஆண் தோண்டிய குழிகளை எண்ணுவதும், பெண் எந்த ஆணிடம் போகிறது என்று தொட்டியில் பார்ப்பதும் விலங்கியல் மாணவர்கள். எத்தனை தொட்டி, எத்தனை நாள் என்பதைப் புள்ளிவிபரவியலாளர் தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும், முடிந்த பிறகு அல்ல. பாதுகாக்கப்பட்ட இடம் என்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்.

ஒரு வருடம் போதாது. மாரி வெள்ளம் படுவான்கரைச் சேற்றை இறக்கும்போதும், முகத்துவாரம் மூடிய கோடையிலும் தண்ணீர் ஒரே தண்ணீர் அல்ல. இரண்டு மாரியும் இரண்டு கோடையும் பார்த்த தரவு இருந்தால்தான், கலங்கியது மழையாலா வேறு ஏதாலா என்று பிரித்துச் சொல்ல முடியும்.